கொல்லையில் ஒரு நீர்நிலை

கூட்டத்துக்கு ஆஜரானவர்கள்:

நீர்நிலை மீட்புத் தனிப்பிரிவின் தனி வட்டாட்சியர் உலகநாதன் (தலைமை).
கிராம நிர்வாக அலுவலர் ஷோபனா (குறிப்பெடுத்தல்).
இன்ஸ்பெக்டர் ஜெக்கரியா மற்றும் காவலர்கள், லத்திகளுடன்.
மேலத்தெரு பாசனதாரர்கள் சார்பில் ரெத்தினம், மண்வெட்டியுடன்.
கீழத்தெரு பாசனதாரர்கள் சார்பில் புகழேந்தி, அதைவிடப் பெரிய மண்வெட்டியுடன்.
மீன்பாசி குத்தகைதாரர் காளியம்மாள், செத்த மீன் குஞ்சுகளுடன்.
ஆக்கிரமிப்பாளர் அன்சார்.
ஆக்கிரமிப்பாளரின் மனைவி பர்வின் (எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்ததால் கையெழுத்து பெறப்படவில்லை).
நீர்நிலை.

ஷோபனா வாசித்து முடித்ததும் எல்லோரும் கடைசிப் பெயருக்குரியதைத் திரும்பிப் பார்த்தார்கள். அது அன்சார் வீட்டுக் கொல்லையில், கொய்யா மரத்துக்கும் அடுப்படிச் சுவருக்கும் நடுவே, நீல நிறத்தில் கொப்பளித்துக்கொண்டிருந்தது. நாலு பேர் கால் நீட்டி உட்காரலாம். ஆவி பறந்தது. பக்கத்தில் அரசுச் சின்னத்தோடு ஒரு பலகை நட்டிருந்தார்கள். ‘குட்டை. அத்துமீறி இறங்குவோர் தண்டிக்கப்படுவர்.’

ஆக்கிரமிப்பாளர் என்றால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்பது அன்சாருக்கு இன்னும் பழகவில்லை. யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் அவரும் சேர்ந்து திரும்பிப் பார்த்தார்.

கத்தாரில் ஒரு ஹோட்டலில் இந்த மாதிரித் தொட்டிகளைக் கழுவுவதுதான் அவருக்கு வேலை. குனிந்து குனிந்து இடுப்பு போயிற்று. ஒருநாளும் அவற்றில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து எழுந்தவர்களின் முடியை வடிகட்டியிலிருந்து எடுத்ததோடு சரி. அந்தச் சம்பளத்தில் நல்லாத்திடலில் ஒரு மாடி வீடு கட்டினார். நிமிர முடியாமல் போனதும் ஊருக்கு வந்து சேர்ந்தார். வெந்நீர் ஒத்தடம்தான் வழி என்று டாக்டர் சொன்னார். கடற்கரைச் சாலையில் மூடிப்போன ரிசார்ட் ஒன்றிலிருந்து பழைய தொட்டியைப் பேசி வாங்கி, தரங்கம்பாடி வழியாக மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

சாதகம் என்று பார்த்தால் இடுப்பு வலி பாதி குறைந்தது. பர்வினின் குதிகால் வெடிப்பு ஆறியது. பாதகம் என்று பார்த்தால் அடுத்த வீட்டுப் புகழேந்தி. வேலிக்கு மேலே தலையை நீட்டி, “என்ன பாய், பிரியாணி தேக்சாவுல உக்காந்து நீங்களே வேவுறீங்க? உப்பு காரம் பாத்தாச்சா?” என்பார். அன்சாரும் சிரிப்பார். அதைவிடப் பெரிய பாதகம் ஒரு தொட்டியால் வரும் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

ஊருக்கு ஒரு நீர்நிலையாவது மீட்கப்பட வேண்டும் என்று தனிப்பிரிவுக்கு உத்தரவு. நல்லாத்திடலில் குளங்கள் இருந்தன என்பது உண்மைதான். ஒன்றின் மேல் பஸ் நிலையம் நின்றது. ஒன்றின் மேல் கல்யாண மண்டபம். இன்னொன்றின் மேல் தனிப்பிரிவின் அலுவலகமே நின்றது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் இவை எதுவும் தெரியவில்லை. அன்சாரின் கொல்லை மட்டும் பளிச்சென்று நீலமாகத் தெரிந்தது.

ஷோபனா முதல் தடவை வந்தபோது செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, பர்வின் கொடுத்த சர்பத்தைக் குடித்துவிட்டு, கொல்லைக்கு வந்தார். நல்ல பெண்.

“இது என்னங்க பாய்?”

“தொட்டிம்மா. வெந்நித் தொட்டி.”

“தண்ணி எப்பவும் நிக்குமா?”

“நிக்கும்.”

“அப்ப நீர்நிலை.”

“கடையில விக்கிற சாமாம்மா இது.”

“படிக்கட்டு இருக்கே?”

“ஏறி இறங்க.”

“படித்துறை,” என்று எழுதிக்கொண்டார். “சுத்திவர உசரமா இருக்குல்ல, இது கரை. இந்தக் குழா?”

“தண்ணிய வெளிய விட.”

“மதகு. அடியில என்னமோ குமிழி விடுதே?”

“காத்தும்மா. மோட்டார்லேருந்து வருது.”

“ஊத்து.” ஷோபனாவின் கண் விரிந்தது. “வெந்நீர் ஊத்து. நம்ம மாவட்டத்துலயே இல்லைங்க பாய்.”

“தொட்டின்னே போட்டுடுங்கம்மா.”

“தொட்டின்னு கம்ப்யூட்டர்ல இல்லைங்களே. ஏரி, குளம், குட்டை, வாய்க்கால், இதுதான் வருது. ஏரின்னு போட்டா உங்களுக்குத்தான் ரோதனை. நம்ம பாய்தானேன்னு குட்டைன்னு போடறேன்.”

அன்சார் நன்றி சொன்னார். கையெழுத்தும் போட்டார்.

அதற்கப்புறம் எல்லாம் சட்டப்படி நடந்தது. குட்டையில் தனியார் யாரும் இறங்கக் கூடாது என்று பலகை வந்தது. அன்சார் ஒத்தடத்துக்கு மறுபடி ரப்பர் பையைத் தேடினார். நீர்நிலையின் இயற்கைத் தன்மையை மாற்றக் கூடாது என்பதால் சுவிட்சை அணைக்கத் தடை வந்தது. மின்சாரக் கட்டணம் ஆக்கிரமிப்பாளரைச் சேர்ந்தது. மீன்பாசி குத்தகை ஏலத்துக்குப் போயிற்று. குட்டை எங்கே, எப்படி என்று பார்க்காமலே கடற்கரையிலிருந்து வந்த காளியம்மாள் அதை எடுத்தாள். விரால் குஞ்சுகளைக் குடத்தில் கொண்டுவந்து அவள் ஊற்றியபோது தண்ணீர் நல்ல சூட்டில் இருந்தது.

கடைசியாக வந்த நோட்டீஸ் சுருக்கமானது. குட்டையின் கரையை ஒட்டி எந்தக் கட்டடமும் இருக்கக் கூடாது. அன்சாரின் வீடு ஒட்டி இருக்கிறது. எனவே இடிக்கப்படும். அதற்கு முன் பொதுமக்களின் கருத்து கேட்கப்படும். பொருள்: வசிப்பிடத்தில் வெந்நீர்க் குட்டை இருப்பதன் சாதக பாதகங்கள்.

அந்தக் கூட்டம்தான் இது. ஷாமியானா வாடகையும் ஆக்கிரமிப்பாளரைச் சேர்ந்தது.

உலகநாதன் எழுந்து தொண்டையைச் செருமினார். அவர் வீட்டிலும் இப்படித்தான் பேசுவார் என்று சொல்வார்கள்.

“சாதகங்களை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்த நீர்நிலையை நாம் தேட வேண்டியிருக்கவில்லை. மற்ற நீர்நிலைகள் எங்கே போயின என்று தேடித் தேடி நம் பிரிவு களைத்துப் போயிருந்த நேரத்தில் இது தானாகவே கிடைத்தது. இதன் ஆக்கிரமிப்பாளர் ஒரே ஒரு ஆள். எந்தக் கட்சியிலும் இல்லை. கல்யாண மண்டபம் வைத்திருக்கவில்லை. இடித்தால் தொலைபேசி எடுத்துப் பேச அவருக்கு மேலிடத்தில் யாரும் இல்லை. இவ்வளவு தகுதியுள்ள நீர்நிலை மாநிலத்திலேயே அபூர்வம்.”

கைதட்டினார்கள். அன்சாரும் பழக்கதோஷத்தில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டார்.

“பாதகம் ஒன்றே ஒன்று. நீர் சற்று சூடு.”

“ஐயா,” அன்சார் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். “வீடு கட்டி பல வருஷமாச்சு. தொட்டி வந்து ஆறு மாசம்கூட ஆவலை. பின்னால வந்த தொட்டிய முன்னால இருந்த வீடு எப்படிய்யா ஆக்கிரமிக்கும்?”

உலகநாதன் பரிவோடு சிரித்தார். “நீர் அநாதியானது, பாய். அதற்கு முன், பின் கிடையாது. மனிதர்கள்தான் பின்னால் வருபவர்கள். நானே போன வருடம்தான் இங்கே மாற்றலாகி வந்தேன்.”

“அப்ப தொட்டியத் தூக்கிட்டுப் போயிடறேன்யா. வீட்ட உட்டுடுங்க.”

“நீர்நிலையைத் தூக்கிச் செல்வதா?” அவர் ஜெக்கரியாவைப் பார்த்தார். “இன்ஸ்பெக்டர், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மிரட்டல்.”

காளியம்மாள் கூடையைத் தூக்கி மேசை மேல் வைத்தாள். நாற்றம் ஷாமியானாவை நிறைத்தது. “ஏன்யா, குளம்னு ஏலம் உட்டீங்களா, குழம்புன்னு ஏலம் உட்டீங்களா? புள்ளய வளக்கற மாரி வளத்த குஞ்சு. உட்ட கையோட மல்லாந்துடுச்சு. எனக்கு என்ன பதிலு?”

“குத்தகை உங்களுடையது. நீருக்குள் இருப்பதெல்லாம் உங்களுக்குச் சொந்தம். நீரின் சூட்டுக்குப் பிரிவு பொறுப்பல்ல,” என்றார் உலகநாதன்.

ரெத்தினம் அதுவரை பொறுத்திருந்தார். “மீன் கெடக்கட்டும். தண்ணி யாருக்கு? மேட்டூர் தொறந்தும் எங்க வாய்க்காலுக்கு எட்டல. நாங்க தலைமடை. மொத முறை எங்களுக்குத்தான்.”

“எவன்டா அவன்?” புகழேந்தி எழுந்தார். “கடைமடை காஞ்சு கெடக்கு, தலைமடைக்கு மொத முறையா? குட்டை எங்க தெருவுல இருக்கு.”

பர்வின் டீத் தட்டோடு வந்தவள் நின்றாள். “அண்ணே, அது வெந்நிண்ணே. நாத்துல பாஞ்சா வெந்துபோயிடும்.”

“வேவட்டும்மா,” என்றார் ரெத்தினம். “உரிமைன்னு ஒன்னு இருக்குல்ல.”

“வெந்தாலும் எங்க நாத்துதான் மொதல்ல வேவணும்,” என்றார் புகழேந்தி.

முதலில் ஓங்கிய மண்வெட்டிக் காம்பு யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. புகழேந்தியின் தோள்பட்டையில் அது இறங்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. காய்ந்த மட்டை முறிகிற சத்தம். புகழேந்தி ஒரு கை தொங்க, மற்றக் கையால் ரெத்தினத்தின் கழுத்தை வளைத்து, காதைக் கடித்தார். ரெண்டு தெருவும் எழுந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. ஷாமியானாக் கம்பைப் பிடுங்கிய ஒருவன் அதை இன்னொருவன் வாயில் குத்தினான். பல் சிதறி டீத் தட்டில் விழுந்தது. ஷாமியானா சரிந்து பாதிப் பேரை மூடியது. மூடிய துணிக்கு மேலே நின்று, உள்ளே தெரிந்த மேடுகளையெல்லாம் வெளியே இருந்தவர்கள் அடித்தார்கள். யார் யாரை அடிக்கிறார்கள் என்பது அதற்குப்பின் முக்கியமில்லாமல் போயிற்று.

லத்திக்கு உத்தரவு வந்தது. காவலர்கள் யார் கிட்டே நிற்கிறார்களோ அவர்களிலிருந்து தொடங்கினார்கள். கிட்டே நின்றது அன்சார். முதல் அடி இடுப்பில் சரியாக விழுந்தது. தொட்டி இத்தனை மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்ததை லத்தி ஒரே வீச்சில் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. தடுக்கப்போன கையில் சுண்டுவிரல் பின்பக்கமாக மடங்கி நின்றது.

“காது! என் காது!” ரெத்தினம் அலறினார்.

புகழேந்தி துப்பியது குட்டைக்குள் விழுந்திருந்தது. குமிழிகளுக்கு நடுவே அது சுற்றிச் சுற்றி வந்தது. ரெத்தினத்தின் மச்சான் எடுக்கப் பாய்ந்தார். காளியம்மாள் கூடையை ஓங்கிக்கொண்டு குறுக்கே நின்றாள்.

“தொடாத! உள்ள இருக்கறதெல்லாம் எனக்குச் சொந்தம்னு இப்பத்தானே ஐயா சொன்னாரு? என் குஞ்சு வரட்டும், காது போவும்.”

“அக்கா, தச்சா ஒட்டிக்கும்னு சொல்றாங்கக்கா!”

“என் குஞ்சுங்களத் தச்சாலும் ஒட்டிக்குமாடா?”

தீர்ப்புக்காக எல்லோரும் உலகநாதனைப் பார்த்தார்கள். அவர் மேசைக்கு அடியில் இருந்தார். அங்கிருந்தே, “சட்டப்படி அந்த அம்மாள் சொல்வது சரி,” என்றார்.

பேசி முடித்துக் காது வெளியே வந்தபோது அது வெளுத்து ஊறிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சாயந்தரம் ஷோபனா கொல்லையில் உட்கார்ந்து, தாளில் ரத்தம் படாத பக்கமாகப் பார்த்து அறிக்கையை எழுதினார். சாதக பாதகங்கள் விரிவாக அலசப்பட்டன. கூட்டம் சுமுகமாக முடிந்தது. வீட்டை அகற்ற ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

“ஒருமனதாவாம்மா?” விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்த அன்சார் கேட்டார்.

“உங்க வீட்டப் பத்தி யாருமே சண்டை போடலைங்களே பாய்,” என்றார் ஷோபனா.

மறுவாரம் காலையில் ஜேசிபி வந்தது. ரெண்டு தெருவும் கட்டுகளோடும் மாவுக்கட்டுகளோடும் வேடிக்கை பார்க்க வந்து நின்றன. சுவர் போனால் தண்ணீருக்கு வழி கிடைக்கும் என்று இரு தரப்புக்கும் நம்பிக்கை. புகழேந்தி கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட கையோடு, ஓட்டுநருக்குப் பின்னால் போக இடம் காட்டிக்கொண்டிருந்தார்.

“என்னங்க புகழேந்தி, நீங்களுமா?” என்றார் அன்சார்.

“பொதுக் காரியம் பாய். மனசுல வச்சுக்காதீங்க.”

அன்சார் உலகநாதனின் காலில் விழுந்தார். உலகநாதன் பதறி, “எழுந்திருங்கள், எழுந்திருங்கள். மனித மரியாதை முக்கியம்,” என்று அவரைத் தூக்கிவிட்டுத் திரும்பி ஓட்டுநருக்குக் கை காட்டினார்.

“உள்ள என் பொண்டாட்டி இருக்காய்யா! வரமாட்டேங்கறா!”

“ஒலிபெருக்கியில் மூன்று முறை சொல்லியாகிவிட்டது.”

பர்வின் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வீடு இருக்கிறவரை சோறு வடிப்பேன் என்று சொல்லியிருந்தாள். இரும்புப் பல் சுவரைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தது. அலமாரி, மிக்ஸி, மாசிப் பொடி டப்பா எல்லாம் ஒன்றாகச் சரிந்தன. அவள் கொதிக்கிற கஞ்சிச் சட்டியைத் தூக்கி அந்தப் பல்லின் மேல் வீசினாள். இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தெறித்தது ஓட்டுநரின் முழங்கையில் பட்டு, அவன் வலியில் கம்பியை எக்குத்தப்பாக இழுக்க, ஜேசிபி கை மேலே போய் மேல்தளத்தை இடித்தது. சிமென்ட் பாளம் ஒன்று பெயர்ந்து பர்வினின் நெற்றியில் விழுந்தது. அவள் சுவரில்லாத அடுப்படியில், எல்லோரும் பார்க்க, வடித்த சோற்றின் மேல் குப்புற விழுந்தாள். சோறு சிவந்தது.

கூட்டத்தில் யாரோ, “இன்னும் கொஞ்சம் எடப்பக்கம் இடிச்சா வாய்க்கால் நேரா வரும்,” என்றார்கள்.

அன்சார் கொய்யா மரத்தடியில் கிடந்த கடப்பாரையை எடுத்தார். இடுப்பு வலி இல்லாதவர்போல் நிமிர்ந்தார். ஜெக்கரியா, “பாய், வேணாம், பாய்!” என்று கத்தினார். அன்சார் ஜேசிபி பக்கமோ உலகநாதன் பக்கமோ போகவில்லை. நேராகத் தொட்டியிடம் போனார். பலகையை முதல் அடியில் முறித்தார். மோட்டாரின் வயரைக் குத்தி அறுத்தார். நீலப் பொறி பறந்தது. பிறகு தொட்டியின் வயிற்றில் இறக்கினார். இறக்கி இறக்கி எடுத்தார். ‘தண்ணீர் இல்லாவிட்டால் நீர்நிலை இல்லை. நீர்நிலை இல்லாவிட்டால் வீடு ஆக்கிரமிப்பு இல்லை.’ கணக்கு அவருக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது.

பக்கவாட்டு முழுதாக விண்டது. வெந்நீர் ஒரே பாய்ச்சலாக வெளியே வந்து உலகநாதனின் காலை வாரியது. அவர் மல்லாந்து விழுந்து, ஜேசிபியின் இரும்புப் படியில் பின்மண்டை மோதி, சேற்றில் சறுக்கிக்கொண்டு போய் வேலியில் நின்றார். தண்ணீர் அவரைத் தாண்டி, வேலிக்கு அடியில் புகுந்து, புகழேந்தி வீட்டு வாசலில் இறங்கி, கீழத்தெரு பள்ளமாக இருந்ததால் அது முழுக்க மெல்லப் பரவி, நின்றது.



“முடிஞ்சுதுய்யா,” என்றார் அன்சார். கடப்பாரையைக் கீழே போட்டார். “இப்ப தொட்டியும் இல்ல, தண்ணியும் இல்ல. என் வீட்ட உடுங்க.” பர்வினைத் தூக்க ஓடினார். அவளுக்கு மூச்சு இருந்தது. கண்ணைத் திறந்து, “அடுப்ப அணைங்க மச்சான்,” என்றாள்.

வேலியடியில் படுத்தபடி உலகநாதன் விரலைத் தூக்கினார். மூக்கில் ரத்தம் வடிந்தாலும் குரல் மாறவில்லை.

“கரை உடைப்பு. நீர்நிலை அழியவில்லை, இடம் பெயர்ந்திருக்கிறது. நீர் எதுவரை போயிற்றோ அதுவரை அதன் எல்லை. ஷோபனா, காய்வதற்குள் அளந்துவிடுங்கள்.”

ஷோபனா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாடாவை எடுத்தார். ஈரத்தின் ஓரமாகவே நடந்தார். புகழேந்தியின் வீடு உள்ளே வந்தது. அதற்கடுத்த வீடும். பால் சொசைட்டி வந்தது. ஈரம் போன இடத்திலெல்லாம் சுண்ணாம்பு விழுந்தது. முழுத் தெருவும் குட்டைக்குள் இருந்தது.

“ஏம்மா, இது என்னா கோடு?” புகழேந்தி கேட்டார்.

“நீர்ப்பரப்புங்க. வீட்டக் காலி பண்ண நோட்டீஸ் வரும். கருத்துக் கேப்புக் கூட்டமும் உண்டு.”

புகழேந்தி சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். உலகநாதனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவரைச் சுற்றிப் போலீஸ் நின்றது. அப்புறம் அன்சாரைப் பார்த்தார். அவரைச் சுற்றி யாரும் இல்லை.

“தண்ணியத் தொறந்து உட்டது இவன்தான்டா!”

கீழத்தெரு மொத்தமும் வந்தது. முதல் செங்கல் அன்சாரின் வாயில் பட்டது. பிடித்துக் கீழே தள்ளி, இடிந்த அடுப்படியின் செங்கற்களாலேயே அடித்தார்கள். மாவுக்கட்டுப் போட்ட கைகள்கூட ஓய்ந்திருக்கவில்லை. கட்டு நல்ல கனமாக இருந்தது. புகழேந்தி அவருடைய நெஞ்சில் ஏறி நின்று, “தேக்சாவுல உக்காந்தியேடா, தேக்சாவுல!” என்று மிதித்தார். ஒரு விலா எலும்பு போயிற்று. பர்வின் அரிவாள்மணையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்ததால்தான் ஜெக்கரியாவுக்கு உள்ளே புகுந்து அவரை இழுக்க இடம் கிடைத்தது.

ஸ்டேஷனில் அன்சாரைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வெளியே காம்பவுண்டைச் சுற்றிக் கீழத்தெரு நின்றது. ஓட்டுக்கூரை மேல் கல் விழுந்துகொண்டே இருந்தது. பர்வினை ஆம்புலன்ஸில் சீர்காழிக்கு அனுப்பியாயிற்று. அவளுடைய அக்கா கூடப் போயிருக்கிறாள். நெற்றியில் தையல், பயமில்லை என்று ஜெக்கரியா ரெண்டு தடவை சொன்னார்.

ஷோபனா பின்பக்க வழியாக வந்தார். கையில் ஒரு தாள்.

“பாய், நல்ல சேதிங்க. குட்டை பள்ளத்துக்குப் போயிடுச்சுல்ல, உங்க வீடு இப்ப மேட்டுல வருது. ஆக்கிரமிப்புலேருந்து எடுத்தாச்சு. பட்டா செல்லும். வீடு உங்களுதுதான்.”

அன்சார் வீங்கிய கண்ணால் தாளைப் பார்த்தார். முத்திரையெல்லாம் சரியாக இருந்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்து உள்ளே சிதறியது. “பாய வெளிய உடுங்கடா!” என்று ரெத்தினத்தின் குரலும் இப்போது சேர்ந்து கேட்டது. மேலத்தெருவும் வந்திருந்தது. அவர்களுக்கு முறைத் தண்ணீர் போய்விட்ட கோபம்.

“வீட்டுக்குப் போறீங்களா பாய்?” என்றார் ஜெக்கரியா. “போவலாம். அந்த வீட்டப் பொறுத்தவரை உங்க மேல ஒன்னும் இல்ல. கரைய ஒடச்சதுக்கு மட்டும் ஒரு கேஸ் இருக்கு, அதுக்கு நாளைக்கிக்கூட வரலாம்.”

“இன்னைக்கே போடுங்க சார்,” என்றார் அன்சார். பல் போனதால் காற்றுதான் அதிகம் வந்தது. “ஜாமீன் வேணாம்.”

அவரே எழுந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு, லாக்கப்புக்குள் நடந்தார். ஜெக்கரியா கம்பிக் கதவைச் சாத்திப் பூட்டி, வழக்கப்படி ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். அவர் போனதும் அன்சார் உள்ளிருந்து கம்பியைப் பிடித்து, தன் பலமெல்லாம் சேர்த்து, இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். நன்றாகப் பூட்டியிருந்தது.